பலகையில் இரண்டாவது வரி

"கழட்டுங்கன்றேன்..."

"என்னாத்துக்குக் கழட்டணும்? நேத்து சாயங்காலம்தானே..."

"மெதுவாப் பேசுங்க. அக்கா உள்ள இருக்கா."

"கத்துறது நீ."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடை வாசலில் நின்று புருஷனும் பெண்டாட்டியும் தலைக்கு மேலே பார்த்தார்கள். புதுப் பலகை. வெயில் பட்டுக் கண் கூசியது.

முதல் வரியில் கடையின் பெயர். சீர்வரிசைத் தட்டு அலங்காரம்.

இரண்டாவது வரி சிவப்பில்.

சுமங்கலிப் பெண்களின் கைகளால் மட்டுமே.

"யாரு உங்களை இதைப் போடச் சொன்னது?"

"நீதான்."

"நானா?"

"மில்லுக்காரர் வீட்டம்மா போன்ல கேட்டாகல்ல. நல்ல காரியமாச்சே, தட்டெல்லாம் யாரு கையின்னு. நீ என்ன சொன்ன? எல்லாருமே சுமங்கலிங்கதாம்மான்னு சொன்ன. பக்கத்துலதான் உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருந்தேன். சொன்ன வாயை விட்டுட்டு, எழுதுன கையைப் பிடிக்கிறியே."

சொன்னதுதான்.

அன்றைக்கு நாக்கு தடுக்கவில்லை. போனை வைத்துவிட்டு ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள். அவ்வளவுதான்.

"வாயில சொல்றது வேறங்க. அது காத்தோட போயிரும்."

"இது மழைக்கும் போகாது. அஞ்சு வருசம் காரண்டி குடுத்திருக்கான்."

உள்ளே திரைக்குப் பின்னால் கத்தரிக்கோல் சத்தம். ஜரிகை நாடாவை அக்கா வெட்டிக்கொண்டிருந்தாள்.

அக்கா வீட்டுக்காரர் தவறிப்போய் இரண்டு ஆடி கழிந்துவிட்டது.

ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள் இவள். கூட வேலை பார்த்த பெண்ணின் நிச்சயத்துக்கு, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து விளையாட்டாய்க் கட்டியதுதான் முதல் தட்டுகள். இவள் நாடா அளந்து கொடுத்தாள். தேங்காய்க்குக் கண் எழுதி மூக்குத்தி வைத்தது அக்கா. பட்டுச் சேலையை மயிலாக மடித்தது அக்கா. அந்தக் கழுத்து வேறு யார் மடித்தாலும் வாத்துக் கழுத்தாகிவிடும்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் போதவில்லை.

பிறகு இவள் வேலையை விட்டாள்.

கூடத்தில் கட்டியவரை யாரும் எதையும் கேட்டதில்லை. கடை என்று ஆனதும் கேட்கிறார்கள்.

"காலையில வரும்போது பாத்திருப்பாளோ?"

"மதினி எங்கிட்டு மேல பாத்தாக? தரையைப் பாத்தே நடக்கிறவுக."

அது ஆறுதலாக இருந்தது.

ஆறுதலாக இருந்ததே என்று காது சுட்டது.

"இப்ப என்ன, ஏணியைக் கொண்டாரவா? கழட்டிப் போட்டுர்றேன். எனக்கென்ன. ஆனா ஒண்ணு. போர்டு மாட்டுனதுலேர்ந்து மூணு வீட்டுக்காரக கூப்பிட்டாச்சு. எல்லாம் அந்த ரெண்டாவது வரியைப் பாத்துட்டுத்தான். ஒருத்தக கேக்கவே கேட்டாக, எழுதியிருக்கிறது நெசந்தானேன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீ சொன்னதைத்தான் சொன்னேன்."

எதிர்ப் பக்கத்துப் பூக்காரி கட்டுவதை நிறுத்திவிட்டு இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் பலகையைப் படித்திருப்பாள். அக்காவையும் அவளுக்குத் தெரியும்.

அவன் ஏணியை எடுக்கத் திரும்பினான்.

"இருங்க."

நின்றான்.

"கழட்ட வேணாம்."

"பின்ன?"

"அந்த வரியை மட்டும்... ஒரு துணியைப் போட்டு மறைச்சிருங்க. அக்கா வீட்டுக்குப் போறவரைக்கும்."

அவன் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

"காலையில மூடி, சாயங்காலம் தெறக்கணுமா? தெனமுமா?"

அவள் வெளியே தெரிந்த தாலிக்கயிற்றைச் சேலைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் கவனித்தார்கள்.

கத்தரிக்கோல் சத்தம் இல்லை.

எப்போது நின்றது என்று இருவருக்கும் தெரியவில்லை.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். திரையைத் தொட்டாள். விலக்கச் சற்று நேரம் பிடித்தது.

மில்லுக்காரர் வீட்டுத் தட்டுகள் வரிசையாக இருந்தன. கண்ணாடித் தாள் சுற்றி, நாடா கட்டி. கற்கண்டுக் கோபுரம். வளையல் தேர். மாப்பிள்ளைத் தேங்காய்க்கு மீசை. பெண்ணின் தேங்காய்க்கு இமைமயிர் வரைக்கும் இருந்தது. மயில் கழுத்தை வளைத்து வாசலைப் பார்த்தது.

கடைசியில் ஒரு தட்டு வெறுமையாக.

சிவப்புப் பட்டுத் துணி மட்டும் விரித்திருந்தது. பக்கத்தில் மஞ்சள் கிழங்கும் குங்குமச் சிமிழும், வாங்கிவந்த பொட்டலம் பிரிக்காமலே.

எப்போதும் அக்கா முதலில் கட்டுவது அந்தத் தட்டைத்தான். நல்லதில் தொடங்கணும் என்பாள்.

அக்கா குனிந்து, கீழே சிதறிய நாடாத் துண்டுகளைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றும் மிச்சமில்லாத இடத்தையும் கூட்டினாள்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம். "வாங்கம்மா, வாங்க, எல்லாம் ரெடி" என்று அவன் உரக்க வரவேற்றான்.

அக்கா நிமிரவில்லை.

"அதை மட்டும் உன் கையால கட்டிரு பாப்பா. நாடா அளந்து வச்சிருக்கேன்."