சமையலறையில் ஓடிய பாடம்

“ஒரு மணி நேரம் ஆடினா, ஒரு மணி நேரம் பாடம் பார்க்கணும்” என்பது ஆன்லைன் போக்கர் சீட்டாட்டப் பயிற்சியாளரின் கண்டிப்பான உத்தரவு. பாட வீடியோ ஓடாவிட்டால் ஆளையே வகுப்பிலிருந்து தூக்கிவிடுவார்.

கஜகஸ்தானில், அல்மாட்டி நகரத்துக்காரன் தௌலெத் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தான். டேப்லெட்டில் பாடத்தை ஓடவிட்டு, சமையலறையில் மாவு பிசையும் மனைவி சல்தனத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு, அறைக்குள் ஆட உட்கார்ந்துவிடுவான்.

“இந்த ஆளு தொணதொணன்னு பேசிட்டே இருக்கான். நீங்க வந்து கேளுங்களேன்!”

“ஆடி ஆடித்தான் கத்துக்கணும், ஜானிம், என் உயிரே. பாடமெல்லாம் பயந்தாங்கொள்ளிக்கு.”

இன்று பெரிய போட்டி. “தோத்தா, நாளையிலேருந்து உன் அண்ணன் கடையில டயர் மாட்டப் போறேன்” என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

கடைசியில் இருவர் மிஞ்சினார்கள்: தௌலெத்தும், ‘கருங்குதிரை’ என்ற பெயரில் ஆடும் யாரோ ஒருவரும். கையில் உருப்படியான சீட்டே இல்லாமல், இருந்த பந்தய வில்லைகளை எல்லாம் முன்னால் தள்ளி மிரட்டினான் தௌலெத். கருங்குதிரை மிரளவில்லை. ஆட்டம் முடிந்தது.

“நான் சும்மா மிரட்டுறேன்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று கத்திக்கொண்டே சமையலறைக்குள் நுழைந்தான்.

“சீட்டு இல்லாதவன்தான் அவசரமா மொத்தத்தையும் தள்ளுவான். ஆறாவது பாடம்” என்றாள் சல்தனத். மாவு அப்பிய அவள் செல்போனில் கருங்குதிரை வெற்றிக் கோப்பையோடு துள்ளிக்கொண்டிருந்தது.

“அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், விடிஞ்சதும் கடைக்குப் போயிடுங்க. போறப்போ மறக்காம பாடத்தைப் போட்டுவிட்டுட்டுப் போங்க.”