முக்கொம்புத் தடை

மீன்கள் முட்டையிடும் பருவத்தில் முக்கொம்பில் மீன்பிடிக்கத் தடை போடலாமா என்று நாள் முழுக்க ஊராரிடம் கருத்துக் கேட்டுவிட்டு, தொண்டை கட்டிப்போய் ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தார் மீன் இலாகா அதிகாரி சம்பத்.

"வலைக்காராகூட ஒத்துண்டுட்டா, கோமளம். மஃப்ளரால மூஞ்சியை மூடிண்டு ஒரு தூண்டில்காரர்தான் பிராணனை வாங்கிட்டார். ஞாயித்துக்கிழமையாவது விடணுமாம்."

"மீன் பேச்சை விடுங்கோ. பொண் பார்க்க வர நேரம், தீர்த்தமாடிட்டு வாங்கோ. எந்த இலாகான்னு கேட்டா விவசாயம்னு சொல்லிடுங்கோ. இந்த மீனாலேயே எத்தனை வரன் தட்டிப் போச்சு!"

மனைவி நீட்டிய துண்டை வாங்கிக்கொண்டு சம்பத் கிணற்றடிக்குப் போனார்.

பளிச்சென்று திருமண் இட்டு, பஞ்சகச்சத்தோடு வந்த பிள்ளையின் அப்பா, சம்பத்தைக் கண்டதும் முகம் வெளுத்து நின்றார். சம்பத்துக்குத் திக்கென்றது. தன்னை எங்கேயோ மீனும் கையுமாகப் பார்த்திருக்கிறார். இதுவும் போச்சு.

"மாமாவுக்கு எந்த இலாகா?" பெண் வந்து சேவித்துவிட்டு உள்ளே போனதும் பிள்ளையின் அம்மா கேட்டாள்.

சம்பத் வாயைத் திறப்பதற்குள் பிள்ளையின் அப்பா முந்திக்கொண்டார். "பாசன இலாகாடி. நான் விசாரிச்சுட்டேன். பொண்ணை நமக்குப் பிடிச்சிருக்கு, மேலே ஆகவேண்டியதைப் பார்ப்போம்."

ஒன்றும் புரியாமல் வாசல்வரை வழியனுப்ப வந்த சம்பத்தின் காதருகே அவர் குனிந்தார்.

"சம்பந்தி, வலைக்கு எத்தனை மாசம் வேணும்னாலும் தடை போடுங்கோ. ஞாயித்துக்கிழமை தூண்டிலை மட்டும் விட்டுடுங்கோ!"