பத்தாவது ஆட்டம்

“இன்னும் இருபது பொத்தான் ஏத்துறேன், மாப்பிள்ளை.”

துணி வெட்டும் மேசையின் நடுவில் சட்டைப் பொத்தான்களைத் தள்ளினார் டெய்லர். எதிரே உட்கார்ந்திருந்த மருமகனுக்குத் தலை சுற்றியது. ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாருக்கு, மாமனார் போடுகிற கணக்கு மட்டும் பிடிபடவில்லை.

மனைவி போனதிலிருந்து டெய்லர் இந்தக் கடையிலும் பின்னாலுள்ள ஒற்றை அறையிலும் தனியாகத்தான் காலம் தள்ளுகிறார். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். “எங்களோட வந்துடுங்கப்பா” என்று மகள் கெஞ்சாத நாளில்லை. “மகள் வீட்ல போய் உக்கார்றதா? நடக்காது” என்பார்.

இன்று என்ன தோன்றியதோ, அவராகவே சீட்டுக்கட்டை எடுத்துப் போட்டார். போக்கர், பத்து ஆட்டம். முடிவில் மாப்பிள்ளையிடம் பொத்தான் அதிகமிருந்தால் கூடவே கிளம்பிவிடுவார். இல்லையென்றால் இனி யாரும் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

ஒன்பது ஆட்டம் முடிந்து சரிக்குச் சரி. இப்போது மேசையில் இருவருக்கும் பொதுவாக ஏழு, எட்டு, ஒன்பது, ரெண்டு, கடைசியாக விழுந்த ராஜா. வாத்தியார் கையில் பத்தும் ஜாக்கியும். ஏழிலிருந்து வரிசையாக ஐந்து சீட்டு, அருமையான கை. ஆனால் மேசையில் கிடந்தவற்றில் மூன்று ஆர்ட்டின். மாமனார் கையிலும் ரெண்டு ஆர்ட்டின் இருந்து ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்தால் தீர்ந்தது கதை.

“உங்க இருபதுக்கு மேல நான் இன்னொரு இருபது, மாமா.”

“அப்படியா? அதுக்கு மேல என்கிட்ட இருக்கிற அத்தனையும்.” பொத்தான் டப்பாவையே கவிழ்த்தார் டெய்லர்.

வாத்தியார் தன் சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார். கடைசிச் சீட்டு விழுந்த பிறகு, ஏத்தினதுக்கு மேல் ஒருவன் மறுபடி ஏத்தினால் அவனிடம் சரக்கு இருக்கிறது என்று போன வாரம்தான் ஒரு புத்தகத்தில் படித்திருந்தார். மாமா சும்மா மிரட்டுகிறாரா? அந்த முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஊசி கோக்கும்போது இருக்கிற அதே முகம்.

“என்னங்க யோசனை? துணிஞ்சு வைங்க!” என்றாள் பக்கத்தில் நின்ற வாத்தியாரின் மனைவி.

“நீ கொஞ்சம் சும்மா இரு.” கையில் மிச்சமிருந்த முப்பது பொத்தானைத் தடவிப் பார்த்தார். பிறகு சீட்டைக் கவிழ்த்துவிட்டார். “எனக்கு வேண்டாம் மாமா. அடுத்த ஆட்டத்துல பாத்துக்கறேன்.”

டெய்லர் முகம் வெளுத்தது. “அடுத்த ஆட்டமா? இதுதான் பத்தாவது, மாப்பிள்ளை.”

“அட கடவுளே!” மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “முப்பது பொத்தானைக் காப்பாத்திட்டு எங்கப்பாவைக் கோட்டை விட்டுட்டீங்களே!”

ஆத்திரத்தில் அவள் அப்பாவின் சீட்டைப் பிடுங்கிப் புரட்டினாள். ஸ்பேட் மூணு. கிளாவர் நாலு. சல்லிக்காசு பெறாத கை.

வாத்தியாருக்கு இருந்த குழப்பம் இரட்டிப்பானது. “ஒண்ணுமே இல்லாமயா மாமா மொத்தத்தையும் வச்சீங்க?”

“நீங்க என்னிக்கு மாப்பிள்ளை விட்டுக்கொடுத்திருக்கீங்க? எப்படியும் நீங்களும் வச்சு என் சீட்டைப் பார்த்துடுவீங்கன்னு நினைச்சு...” டெய்லர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

கதவு தட்டப்பட்டது. கடையை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“இன்னுமா கிளம்பலை டெய்லரே? மகளோட போறேன், இன்னைக்கு மத்தியானம் காலி பண்ணிடுறேன்னு போன வாரமே சொன்னீங்களே! புதுசா குடி வர்றவங்க சாமானோட வாசல்ல நிக்கிறாங்க.”

டெய்லர் யார் முகத்தையும் பார்க்காமல் சீட்டைப் பொறுக்கிக் கலைக்க ஆரம்பித்தார். “மாப்பிள்ளை... பதினொண்ணாவதா ஒரு ஆட்டம் போடுவோமா?”