மூன்று இதழ்த் தாமரை

“அசையாதேடி, ஊசி குத்திடும்!”

முதல் மணி அடித்துவிட்டது. மேடையோரத் திரைக்குப் பின்னால் மண்டியிட்டு, தங்கையின் இடுப்பில் பிரிந்து தொங்கும் விசிறி மடிப்பை அக்கா இடது கையால் அவசரமாகத் தைக்கிறாள். அங்கே இருக்கும் ஒரே மஞ்சள் பல்பும் தங்கைக்குத்தான் வெளிச்சம் தருகிறது. நெற்றிச்சுட்டி, சலங்கை, சிவப்புச் சாயம் பூசிய விரல் நுனிகள் எல்லாம் மினுங்குகின்றன. பட்டறை வேலையிலிருந்து மீண்டு பள்ளிக்கூடம் போகும் சிறுமியின் கதைதான் இன்றைய நாட்டியம். அழுகையும் சிரிப்பும் சொல்லிக்கொடுத்தது அக்கா. போஸ்டரில் இருப்பது தங்கையின் முகம்.

“பொறாமையா இருக்காக்கா?”

“ஆமா, உன் மூஞ்சிக்கு! ஓடு.”

நூலை அக்கா தேவைக்கு மேல் அழுத்திக் கடித்து அறுக்கிறாள். தங்கை ஓடுகிறாள். ஜதி எழும்புகிறது. இருட்டில் அக்காவின் பாதங்கள் தாமாகவே ஒவ்வொரு அடவையும் மிதிக்கின்றன.

கடைசிக் கட்டம். பள்ளி வாசலில் சிறுமியின் கை தாமரையாக விரிய வேண்டும். ஐந்து விரல்களும் ஐந்து இதழ்கள். தங்கையின் வலது கையில் மூன்றுதான் விரிகின்றன. இரண்டு மடங்கியே கிடக்கின்றன.

“என்ன பண்றா இவ?” தாளம் போடும் டீச்சர் பல்லைக் கடிக்கிறார். அரங்கமோ எழுந்து நின்று கைதட்டுகிறது.

அக்கா வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறாள். இதையும் எடுத்துக்கிட்டாளே என்று முணுமுணுக்கிறாள். ஒன்பது வயதில் பட்டறை இயந்திரம் நசுக்கியது போக, அந்தக் கையில் மிஞ்சியவை அதே மூன்று விரல்கள்தான்.