மூடிய கை

இன்னும் எத்தனை பேர்தான் இந்தக் கையைப் புரட்டிப் பார்ப்பார்களோ என்ற அலுப்போடுதான் ஹிப்னாடிச உறக்கத்திலிருந்து விழித்தாள் அக்னஸ்.

"நரம்புல ஒரு கோளாறும் இல்லம்மா. இதைப் பாருங்க," என்று செல்போனை நீட்டினார் தஞ்சாவூர் டாக்டர்.

வீடியோவில் அவள் கண்மூடிச் சாய்ந்திருந்தாள். டாக்டர் மெல்லப் பேசப் பேச, ஒரு வருஷமாக இறுகியே கிடந்த வலது கை விரல் விரலாக விரிந்தது.

கணவர் ஜோசப்ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியா அக்னஸு! இனிமே நீயே தலை பின்னிக்கலாம். நான் பின்னுனா எலிவாலுன்னு சிரிக்க முடியாது."

"இப்ப முழிச்சிருக்கும்போது நீங்களே திறங்கம்மா. உங்களால முடியும்," என்றார் டாக்டர்.

அவள் வீடியோவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னிக்கும் இப்படித்தான், எனக்குத் தெரியாமலே திறந்துக்கிச்சு."

"என்னிக்கு?" என்றார் டாக்டர்.

"வெண்ணாத்துல. போன வருஷம் வெள்ளம் எங்க பாப்பாவை இழுத்தப்ப, இந்தக் கையிலதான் அவளைப் பிடிச்சிருந்தேன்."

ஜோசப்ராஜ் அவளையே பார்த்தார். அதுவரை அவள் யாரிடமும் சொல்லாதது அது.

டாக்டர் தணிந்த குரலில் கேட்டார். "ஒரே ஒரு தடவை திறந்து பாருங்கம்மா."

"வேணாங்க," என்றாள் அக்னஸ். மூடிய கையை மடியில் வைத்து, மற்றக் கையால் பொத்திக்கொண்டாள்.