நான்காவது ரேகை

அதிகாரி மை டப்பாவை மேசைமேல் வைத்தபோதுதான் அவள் பின்வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

அதுவரை எல்லாம் நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது.

பயிற்சி இலாகா அதிகாரி கார்த்திகேசு சொல்லாமல் கொள்ளாமல் காலை பத்து மணிக்கு வந்து நின்றார். புக்கிட் ரோத்தானில், எரிந்துபோன மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றிக் கொடுக்கும் அந்தப் பட்டறையை மூலைமுடுக்கு விடாமல் பார்த்தார்.

பட்டறைக்காரர் நடராஜா அவர் பின்னாலேயே நடந்தார். புது விதி கேட்டதையெல்லாம் இரண்டே மாதத்தில் செய்து முடித்திருந்தார். தீயணைப்புக் கருவி சுவரில் தொங்கியது. பாடம் நடத்தப் பலகை அடித்து ஓர் அறை தடுத்தாகிவிட்டது. அவசரத்துக்கு வெளியேற, பின்சுவரை உடைத்து வாசலும் வைத்தாகிவிட்டது. நாற்பத்திரண்டு வயதில் பரீட்சை எழுதி வாங்கிய பயிற்றுநர் சான்றிதழ், கண்ணாடிக்குள் பளபளத்தது.

“எல்லாம் சரி. இனிப் பிள்ளைகளின் கைரேகை,” என்றார் கார்த்திகேசு.

அதுவும் புதிதுதான். எங்கோ ஆளே இல்லாமல் பெயரை மட்டும் எழுதி உதவித்தொகை வாங்கிவிட்டார்களாம். அதனால் இந்த வருடத்திலிருந்து ஒவ்வொருவரின் கட்டை விரலையும் பதிந்து, அடையாளக் கார்டு நகலில் இருக்கும் ரேகையோடு ஒப்பிட வேண்டும். ஒரே ஓர் ஆள் பொய்யென்றாலும் பட்டறை பட்டியலிலிருந்து போய்விடும். மற்றவர்கள் அங்கே பழகிய மாதங்களும் அதோடு போய்விடும்.

பழகுநர்கள் ஐந்து பேர். முதல் விரல் பதிந்தது. இரண்டாவது பதிந்தது. கார்த்திகேசு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கோடு கோடாகப் பார்த்தார். அவசரமே படவில்லை.

நான்காவது ஆளான அவள், தஞ்சோங் காராங் வயலுக்குப் போகவேண்டிய பம்பு மோட்டாருக்குச் செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது சுற்று. அதற்குமேல் எண்ணிக்கை தவறிவிட்டது. பதினொரு மாதத்தில் அவளுக்கு ஒருநாளும் தவறியதில்லை.

மூன்றாவது வீரன். அவளுக்குப் பக்கத்து இருக்கை. ஆறு வாரத்தில் அவனுக்குத் தொழில் பரீட்சை. விரலில் வார்னிஷ் ஒட்டியிருந்ததால் ரேகை பிசிறியது. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து மறுபடி வைத்தான். மறுபடியும் பிசிறியது.

இந்தப் பயிற்சித் திட்டத்தில் இருபத்தைந்து வயதுக்கு மேல் சேர முடியாது. வீரனுக்கு மாசியிலேயே இருபத்தைந்து முடிந்துவிட்டது. இந்தப் பட்டறை போனால் அவன் வேறெங்கும் போய் முதலிலிருந்து ஆரம்பிக்க முடியாது.

பின்வாசல் திறந்தே கிடந்தது. ஓடிவிடலாம். ஆனால், ஓடினால் ஓடியது தெரியும்.

மூன்றாம் தடவை வீரனின் ரேகை சேர்ந்தது.

“கங்கா,” என்று கூப்பிட்டார் கார்த்திகேசு.

பட்டறையில் எல்லோர் கண்ணும் அவள்மேல் திரும்பியது. நடராஜா வாயைத் திறக்கப் போனார். அதற்குள் அவள் கம்பியை வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

“கங்கா இன்னிக்கு வரல சார். காச்சல். நான் அவ அக்கா, அன்னம்மா. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”



கார்த்திகேசு நகலிலிருந்த படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

“முகம் அப்படியே இருக்கிறதே.”

“கூடப் பொறந்தவதானே சார்.”

“அப்படியானால் இந்தக் காயிலைச் சுற்றியது யார்?”

வீரன்தான் மை விரலைத் துடைத்தபடி, தலை நிமிராமல் பதில் சொன்னான்.

“கங்காதான் சார். நேத்து பாதியில விட்டுட்டுப் போச்சு. இது அது அக்காதான், எனக்குத் தெரியும்லா.”

தான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட வீரன் நம்பவில்லை. அவள் எதற்கோ பயந்து தடுமாறுகிறாள், விழாமல் பிடித்துக்கொள்வோம் என்று மட்டுமே அவனுக்குத் தோன்றியது.

கார்த்திகேசு சிவப்புப் பேனாவை எடுத்து, கங்கா வரவில்லை என்று எழுதிவிட்டு, ஐந்தாவது விரலையும் பதிந்து பார்த்தார்.

“நாளைக் காலை திரும்ப வருவேன். அந்தப் பிள்ளை இங்கே இருக்க வேண்டும்.”

அவள் கும்பிட்டுவிட்டு வெளியே நடந்தாள்.

அதிகாரியின் கார் போனதுதான் தாமதம், நடராஜா ரோட்டைக் கடந்து பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

“என்ன காரியம் புள்ள செஞ்ச? குத்துக்கல்லாட்டம் உக்காந்துகிட்டு வரலேன்னு சொல்றியே. நாளைக்கு அந்த மனுசன் முன்னால எந்த மூஞ்சியோட வந்து நிப்ப?”

“நாளைக்கு நான் வர மாட்டேண்ணே. கங்கா வருவா.”

நடராஜா விழித்தார்.

“என் தங்கச்சிண்ணே. எஸ்டேட்டுல ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்துக்கிட்டிருக்கா. அவளுக்கு இருவத்தொண்ணு. எனக்கு முப்பத்தொண்ணுண்ணே, என்னைய எங்க சேப்பாங்க? அதான் அவ ஐ.சி. கார்டு நகலைக் கொடுத்துச் சேந்தேன்.” அவள் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தாள். “அவ கெட்டிக்காரிதான். ஆனா இந்த வேலையில ஒண்ணும் தெரியாது. மொதல்லேந்து சொல்லிக் கொடுங்க.”

கோலசிலாங்கூர் பஸ் வளைவில் திரும்பியது. அவள் கையை நீட்டினாள்.

நடராஜா பஸ் படி வரை கூடவே வந்தார்.

“அப்ப உன் பேரு?”

“உள்ளயே சார்கிட்ட சொன்னேனேண்ணே,” என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள்.