மதரின் நாற்காலி

"அதுல மட்டும் உக்காந்துடாதம்மா. அது மதரோட நாற்காலி."

தலைமையாசிரியையின் அறையில் காலியாக இருந்தது அது ஒன்றுதான். மற்ற இரண்டிலும் பொன்விழா மலர்க் கட்டுகள் உட்கார்ந்திருந்தன. பாதி உட்கார்ந்துவிட்ட ஏழு வயதுப் பெண் பதறி எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய இன்னொரு கையில் கட்டுப் போட்டிருந்தது.

சிஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. 'அன்பே எங்கள் முதல் பாடம்' என்று வாசலிலேயே பலகை வைத்திருக்கும் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக இருந்துகொண்டு அப்படிச் சட்டென்று கோபிக்க முடியாது.

அப்பா ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவர். ஊருக்குப் புதிது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் மகளையும் வேலைக்குக் கூட்டிப் போய் ஒரு மூலையில் உட்கார வைத்துவந்தார். போன வாரம் அவள் இஸ்திரி மெஷினில் கையை வைத்துவிட்டாள். இனி பிள்ளையோடு வருவதானால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். பக்கத்திலிருந்த இரண்டு பள்ளிகள், நடு வருஷம் என்றும், பிள்ளைக்கு இந்த ஊர் பாஷை வராது என்றும் கையை விரித்துவிட்டன. இனி இந்தப் பள்ளியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. இவ்வளவையும் அவர் நின்றுகொண்டே சொல்லி முடித்தார்.

"நீங்க சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க," என்றார் சிஸ்டர்.

அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சிஸ்டர் பள்ளியின் பெருமையை ஆரம்பித்தார். இங்கே இல்லாத மொழி இல்லையாம், இல்லாத மதம் இல்லையாம். கப்பல் கம்பெனி முதலாளியின் பிள்ளையும் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரின் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருவார்களாம். மூட்டை தூக்குபவரின் பிள்ளை கடைசியாக எப்போது உட்கார்ந்தது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அவருடைய தலைக்கு மேலே, 'கதவைத் தட்டும் எந்தப் பிள்ளைக்கும் இங்கே இடம் உண்டு' என்று தங்க நிறத்தில் எழுதியிருந்தது. பொன்விழாவுக்காகப் புதிதாக மெருகு போட்ட எழுத்து, கண்ணைக் கூச வைத்தது.

"அந்த நாற்காலிக்கு ஒரு கதை இருக்கு. கேக்கறீங்களா?"

வேண்டாம் என்று சொல்லும் நிலையிலா இருந்தார் அவர்? தலையை ஆட்டினார்.

பள்ளி தொடங்கிய வருஷம் நடந்தது அது. கொட்டும் மழையில், ஹோட்டலில் பாத்திரம் கழுவும் ஒரு பெண் தன் மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். அப்போதும் நடு வருஷம்தான். அந்தப் பிள்ளைக்கும் இந்த ஊர் பாஷை வராது. வகுப்பில் எள் போட்டால் எள் விழாது. பள்ளியைத் தொடங்கிய மதர் தன் நாற்காலியை விட்டு எழுந்தார். அதைத் தானே தூக்கிக்கொண்டு போய் வகுப்பில் போட்டு, பிள்ளையை உட்கார வைத்தார். அந்த வருஷம் முழுக்க மதர் நின்றுகொண்டேதான் வேலை பார்த்தார்.

"பெரியவங்க நாற்காலி இல்லையா, பிள்ளைக்குக் கால் தரையில எட்டல. ஈரத் துணியோட உக்காந்ததுல பலகை சில்லுன்னு இருந்துது. ஆனா இந்த ஊருக்கு வந்த நாள்லேர்ந்து அன்னிக்குத்தான் அது பயமில்லாம உக்காந்துது."

சொல்லும்போதே சிஸ்டரின் குரல் தழுதழுத்தது. நடிப்பு இல்லை, நிஜமான கண்ணீர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அப்பாவும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த நாற்காலி புனிதப் பொருளாகிவிட்டது. அதன் முன்னால் தினமும் பூ வைக்கிறார்கள். பொன்விழாவுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்யக் கொடுத்திருக்கிறார்கள். பெட்டி வந்துவிட்டால் தூசிகூட அதில் உட்கார முடியாது என்று சிஸ்டர் பெருமையாகச் சொன்னார்.

"அப்போ திங்கக்கிழமையே பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடட்டுங்களா, சிஸ்டர்?"

சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். கதை கேட்டால் கதையாகக் கேட்டுக்கொள்ளத் தெரியாத மனிதர்.

"மனசுல இடம் இருக்குங்க, வகுப்புலதான் இல்ல. நடு வருஷம் வேற. பாஷையும் வரலைங்கறீங்க. அடுத்த வருஷம் வந்து பாருங்க. பாப்பாவுக்காக நான் தினமும் ஜெபம் பண்றேன்."

ஜெபத்தில் இடப் பற்றாக்குறை கிடையாது.

அப்பாவுக்கு வாதாடத் தெரியாது. மகளின் கட்டுப் போடாத கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். திங்கட்கிழமை அவளை எங்கே விடுவது என்று தெரியவில்லை. கதவுவரை போனவர், மனம் கேட்காமல் திரும்பினார்.

"அந்தப் பிள்ளை அப்புறம் என்ன ஆச்சுங்க?"

சிஸ்டரின் முகம் மலர்ந்தது. "நல்லாப் படிச்சுது. அதுவும் சிஸ்டர் ஆச்சு. இதே பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியையாவும் வந்துது."

சுவரில் தலைமையாசிரியைகளின் படங்கள் வரிசையாகத் தொங்கின. அந்த முகத்தையாவது மகளுக்குக் காட்டலாம் என்று அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதுல அவங்க யாருங்க?"

"அவங்க படம் இன்னும் மாட்டல. ஓய்வு பெத்த பிறகு மாட்டறதுதான் இங்க வழக்கம்," என்றார் சிஸ்டர், தன் நாற்காலியை விட்டு எழாமலே.